கோதண்டத்தின் கை

இடது தோள்பட்டைக்குக் கீழே அரிக்கிறது. கை எட்டாத இடம். எட்டினாலும் பயனில்லை, மேலே விரல் கனத்துக்கு எருமைத் தோல், அதன் கீழே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, அதன் கீழே வியர்வையில் ஊறிய பனியன், அதற்கும் கீழேதான் அரிப்பு. கோதண்டம் மச்சான் முதுகுப்பக்கம் வார்களை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டபோது அரிக்கவில்லை. “டைட்டா கீதா மாப்ள?” என்று கேட்டார். “சரியா இருக்கு” என்றேன். கட்டி முடித்து அவர் விலகிப் போன பிறகுதான் தொடங்கியது. இதை யோசிக்காமல் இருந்தால் போய்விடும். யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசிப்பதும் யோசிப்பதுதான். கூரையைப் பார்க்கிறேன். தகரம். ராணிப்பேட்டையில் எப்போதோ மூடிப்போன ஒரு தோல் தொழிற்சாலையின் ஷெட் இது, மச்சானுக்குத் தெரிந்தவருடையது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் திறந்துவிடுவார். இங்கே தோல் ஊறவைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து அந்த வாடை, சுண்ணாம்பும் அழுகலும் கலந்தது, எழுந்து வருகிறது. பியூலா காமிராவின் முக்காலியை நகர்த்துகிறாள், குனிந்து பார்க்கிறாள், மறுபடி நகர்த்துகிறாள். “இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க இளம்பரிதி. வெளிச்சம் உங்க நெஞ்சுல விழணும்.” நிற்கிறேன். இன்றைக்கு என் வேலை நிற்பதுதான். நின்று அடி வாங்குவது.

அடிக்கப் போகிற தண்டு எதிரே மரப்பெட்டியின் மேல் கிடக்கிறது. நான் செய்தது. அசல், ஆற்காட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டிலேயே வைத்திருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துருப்பிடித்து, தலையில் இரண்டு இதழ்கள் உதிர்ந்து, பிடி இல்லாமல். அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்வது பியூலா. நாயக்கர் காலத்தது என்று நினைக்கிறாள், உறுதியாகச் சொல்ல மாட்டாள். கதாயுதம் என்றால் எல்லாருக்கும் அனுமார் ஞாபகம் வந்துவிடுகிறது, அது குண்டு, இது இதழ் இதழாக விரிந்து நிற்கிறது, அதனால் தண்டு என்றே சொல்வோம் என்றாள். அவள் அந்தக் காலத்துக் கவசத்தைச் செய்து சோதித்துப் படமெடுக்கத் தோல் தேடி மச்சானிடம் வந்தவள். மச்சானுக்கு வெல்டிங் செய்பவர்களின் கையுறை, முன்னங்கி தைக்கிற சின்ன யூனிட். “இரும்புல இன்னா கேட்டாலும் எங்க மாப்ள செய்வாரு” என்று என்னை இழுத்துவிட்டது அவர்தான். நான் வால்வு கம்பெனி ஒன்றில் டூல் ரூமில் இருக்கிறேன். மில்லிங் மெஷினில் இதழ்களை வெட்டி, பிறகு அந்த வழவழப்பு தெரியக் கூடாது என்று சுத்தியலால் தட்டிச் சிதைத்தேன். நேர்த்தியாகச் செய்ததை அப்புறம் பழசாக்குவது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வாளைச் செய்து நனைத்துச் சுருட்டிய கோரைப்பாயில் வெட்டிப் பார்த்தோம். கவசத்துக்குப் பின்னால் ஆட்டு விலாவைத் தொங்கவிட்டு அம்பு விட்டோம். அந்தக் கறியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பிறகு தண்டு. களிமண் அடைத்த பொம்மைக்குக் கவசம் மாட்டி மச்சான் தோளிலிருந்து முழு வீச்சில் ஒன்று போட்டார். தோல் கிழியவில்லை. ஒரு கீறல், அவ்வளவுதான். “பாத்தீங்களா நம்ம தோலு!” என்று குதித்தார். வார்களை அவிழ்த்துக் கவசத்தை எடுத்தால் உள்ளே களிமண்ணில் ஒரு குழி. இரண்டு கையையும் குவித்து வைக்கிற அளவு. வெளியே ஒன்றுமில்லை, உள்ளே குழி. அதன் பிறகுதான் பஞ்சை இன்னும் ஏற்றித் தைத்தார். இப்போது குழி விழுவதில்லை, கிட்டத்தட்ட. ஆனால் பொம்மை தள்ளாடாது. அடிபட்ட ஆள் எப்படிப் பின்வாங்குவான், மூச்சு எங்கே நிற்கும், கால் எப்படி ஊன்றும் என்பதை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் திரையில் பார்க்க வேண்டும் என்கிறாள் பியூலா. தோளிலிருந்து வேண்டாம், முழங்கையிலிருந்து மட்டும் வீசினால் போதும். காலையில் மணல் மூட்டையில் மச்சான் பழகினார். தொம். தொம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, ஒரே ஓசை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மெஷின் என்றுதான் நினைப்போம். நல்ல கை.

பயமா இல்லையா என்று பியூலா போன வாரம் கேட்டாள். இல்லை என்றேன். வீரத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளே தேடிப் பார்த்தேன், இல்லை. எனக்கு அப்படித்தான். கடைவாய்ப்பல் பிடுங்கும்போது நான் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கையில் ஒரு வாஷர் குறைந்தது, அதனால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. உங்களை மாதிரி பேஷன்ட் கிடைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். வாய் மரத்துப் போயிருந்ததால் வாஷரைப் பற்றி எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். மாமனார் இறந்தபோதும் அப்படித்தான். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர். மச்சான் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் மனைவி வசுமதி பெட்டியின் தலைமாட்டில் கண்ணாடி மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள், அவள் அப்பாவின் முகத்துக்கு நேராக. நான் பெட்டிக்குக் கீழே எதுவோ தடதடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் அது கேட்கவில்லையா என்று ஆச்சரியமாக இருந்தது. வண்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து, படுத்து, உள்ளே நுழைந்து, கம்ப்ரஸர் பக்கம் தளர்ந்திருந்த திருகை முடுக்கினேன். சத்தம் நின்றது. அப்போதுதான் அழுகைகள் தனித்தனியாகக் கேட்டன. வசுமதி என்னைப் பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலையைக்கூட அசைத்தேன், பரவாயில்லை என்பது போல. இப்போது எதற்கு இது. ஒரு ஈ கவசத்தின் மேல் நெஞ்சுப்பக்கம் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொள்கிறது. மச்சான் மெழுகு ஏற்றிய தோல், அதற்கு என்ன கிடைக்குமோ. அது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அடி விழ வேண்டும், இடது பக்கம் இல்லை, வலது மார்புக்குக் கீழே. இடது பக்கம் இதயம் என்று பியூலா வேண்டாம் என்றுவிட்டாள். வலது பக்கம் ஈரல். ஈரலைப் பற்றி யாரும் பேசவில்லை.

வசுமதி தோசை வார்த்துக்கொண்டேதான் சொன்னாள். காலையில். நான் குளித்துவிட்டு வந்து தட்டோடு நின்றிருந்தேன். “ஓசூர் ஆஸ்பத்திரி வேலைய ஒத்துக்கிட்டேன். நாளைக்குச் சேரணும். மத்தியானம் பஸ்.” அவள் பிசியோதெரபிஸ்ட், இங்கே ஒரு கிளினிக்கில் இருந்தாள், ஓசூரில் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒத்துக்கொண்டது தெரியாது. தோசையைத் திருப்பிப் போட்டாள். “வேலைக்காக மட்டும் போகல. புரியுதா உங்களுக்கு?” புரிந்தது. நேராகவே புரிந்தது, ஒரு பெயர்ப்பலகையைப் படிப்பது போல. “நான் திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல.” அதுவும் புரிந்தது. அவள் தோசைக்கரண்டியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். “ஏதாவது சொல்லுங்க.” நான் சொன்னேன். “டிக்கெட் போட்டாச்சா?” அப்போது அது சரியான கேள்வியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் கூட்டம், வேலைக்குத் திரும்புகிற பையன்கள் படியில் தொங்கிக்கொண்டு போவார்கள், பெட்டியோடு நின்றுகொண்டே போவது கஷ்டம். அக்கறையில்தான் கேட்டேன். அக்கறை இல்லாதவன் எதற்குக் கேட்கிறான். அவள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. “போட்டாச்சு” என்று தோசையை என் தட்டில் வைத்தாள். பிறகு சட்னி. நான் சாப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் பெட்டி நின்றிருந்தது. அதன் சக்கரம் ஒன்று சுற்றாமல் இழுத்துக்கொண்டிருந்தது, போன மாசம் நான்தான் கழற்றி உள்ளே சிக்கியிருந்த முடியையும் நூலையும் எடுத்துச் சரிசெய்தேன். இப்போது நன்றாக உருளும். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க முந்திக்காதீங்க.” சரி என்றேன். முந்திக்கொள்கிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது.

அதனால் மச்சானுக்குத் தெரியாது. காலையில் அவர் வண்டியின் பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன். பாலாற்றுப் பாலத்தில் காற்றில் பாதி வார்த்தை பறந்துபோகப் பேசிக்கொண்டே வந்தார். “சாய்ந்தரம் பாப்பாவ இட்டுக்கினு வூட்டுக்கு வந்துடுங்க மாப்ள. மீன் வாங்கி வச்சிருக்கேன்.” தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் சொல்வார். அவருக்கும் அவளுக்கும் பத்து வயசு வித்தியாசம், தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சம்பளம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. “கோவம் வருமா உங்களுக்கு?” என்று கேட்டார். வராது என்றேன். அவருக்கு அவ்வளவு நிம்மதி. அவருக்கு வரும், ஊருக்கே தெரியும், யூனிட்டில் ஒருத்தன் தையல்காரப் பெண்ணிடம் கையை நீட்டியதற்கு அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தவர். அந்தக் கைதான். காலையில் மணல் மூட்டையில் தொம் தொம் என்று விழுந்த கை. பாலத்தில் நான் “சரி மச்சான்” என்றேன், மீனுக்கு. பொய் சொன்னதாகுமா. அவள் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் சொல்லாமல் இருப்பது அவள் சொன்னதைக் கேட்பது. “மச்சான் ரெடியா?” என்கிறாள் பியூலா. அவளுக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். அவர் தண்டை எடுக்கப் போகிறார், கை நீட்டுகிறார், போன் அடிக்கிறது.

சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறார். எனக்குப் பெயர் தெரியவில்லை, தூரம். “ஒரே நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ஷெட் கதவுப் பக்கம் போகிறார். வெளி வெளிச்சத்தில் அவர் உருவம் மட்டும் கறுப்பாக. முதலில் நேராக நிற்கிறார். பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றுகிறார். பேசவில்லை, கேட்கிறார். காரை பெயர்ந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுகிறார், சுண்ணாம்பு உதிர்கிறது. அவள்தான். இல்லை, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பேசாமல் கேட்கிறவர்கள் எத்தனையோ பேரிடம் பேசாமல் கேட்கிறார்கள். ஆனால் மச்சான் போனில் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பேசினால் போனே தேவையில்லை என்று வசுமதி சொல்வாள். என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதைக் கவனிக்கிறேன். கவசம் இறுக்கமாக இருப்பதால் ஒவ்வொரு துடிப்பும் தோலில் மோதித் திரும்புகிறது, உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போல. இது பயம். அடியைப் பற்றிய பயம், வேறென்ன. தெரிந்துவிட்டால் இவர் எப்படி அடிப்பார். முழங்கையிலிருந்து வீசுவதற்கும் தோளிலிருந்து வீசுவதற்கும் நடுவில் இருப்பது ஒரு கோபம்தான், ஒரு கணம்தான், அவராக முடிவு செய்யக்கூட வேண்டாம், கையே செய்துவிடும். களிமண்ணில் விழுந்த குழி. பஞ்சு ஏற்றிய பிறகு குழி இல்லை, ஆனால் அது முழங்கை வீச்சுக்கு. தோள் வீச்சுக்கு நாங்கள் மறுபடி சோதிக்கவில்லை. சோதித்திருக்க வேண்டும். விலா எலும்பு முறிந்தால் ஆறிவிடும், முறிந்தது உள்ளே திரும்பிக் குத்தினால். ஈரல் மூங்கில் கூடைக்குள் வைத்த தயிர் மாதிரி இருக்கும் என்று வசுமதி ஒருமுறை சொன்னாள், எதற்கோ, சாப்பிடும்போது. அவர் திரும்பி வருகிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் முகத்தில் இருப்பது, ஒன்றுமில்லாதது. எப்போதும் ஏதாவது இருக்கும்.

“யாரு மச்சான்?” என்கிறேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. “கடையில இருந்து” என்கிறார், என்னைப் பார்க்காமல். தண்டை எடுக்கிறார். கடையிலிருந்து. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. யூனிட் பூட்டியிருக்கிறது, சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது, நடக்கும்போது சத்தம் கேட்டது. கடை என்றால் வேறு கடையாக இருக்கலாம். மெழுகு வாங்குகிற கடை. மெழுகுக் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு என்ன சொல்வான், இவர் சுவரைச் சுரண்டிக்கொண்டு கேட்கும்படி. கேட்டுவிடலாம். மச்சான், வசு கூப்பிட்டாளா. மூன்று சொல். கேட்டால், அவள் கூப்பிடாமல் இருந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்பார், அப்போது நானே சொன்னதாகிவிடும், முந்திக்கொண்டதாகிவிடும். கேட்காமல் விட்டால். “ரோலிங்” என்கிறாள் பியூலா. அவர் எனக்கு எதிரே வந்து நிற்கிறார், காலையில் பழகிய அதே இடத்தில், கால்களை அகட்டி. இவ்வளவு பக்கத்தில் அவர் கண்ணைப் பார்க்க முடிகிறது, அது என் நெஞ்சில் ஈ இருந்த இடத்தைப் பார்க்கிறது. ஈ இல்லை, பறந்துவிட்டது. தண்டு மேலே போகிறது. முழங்கையா தோளா என்று பார்க்கிறேன். தோள். தோளும் கூடவே எழுகிறது. நான் எங்கேயும் போகவில்லை, விளக்கு இல்லை, வாஷர் இல்லை, கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, இங்கேயே நிற்கிறேன், அரிப்புகூட நின்றுவிட்டது, வருகிறது.

தொட்டது. அவ்வளவுதான். தோலில் ஒரு சின்ன டப். குழந்தை விளையாட்டாகத் தட்டினால் இதைவிடச் சத்தம் வரும்.

“என்ன மச்சான், பூ வைக்கிற மாதிரி வைக்கிறீங்க?” பியூலா சிரிக்கிறாள். “காலைல நல்லா போட்டீங்களே. இன்னொண்ணு.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது சந்தேகம் இல்லை. தெரியாத மனிதன் காலையில் போட்டதைப் போலவே போட்டிருப்பான், தொம் என்று, சந்தோஷமாக, பிறகு என் தோளைத் தட்டி நம்ம தோலு என்று குதித்திருப்பான். தண்டு மறுபடி எழுகிறது. பாதியில் நிற்கிறது.  மெல்ல இறக்கிப் பெட்டியின் மேல் வைக்கிறார், சத்தம் வராமல், தூங்குகிற எதையோ வைப்பது போல.

“மேடம், அஞ்சு நிமிஷம் குடுங்க.”

பியூலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். காமிராவை நிறுத்துகிறாள். “நான் வெளிய டீ சொல்லிட்டு வரேன்” என்று போகிறாள்.

“பாப்பா கூப்டுச்சு” என்கிறார் மச்சான்.

“தெரியும்.”

“எப்டித் தெரியும்?”

“நீங்க அடிச்சதுல.”

அவர் தன் கையைப் பார்த்துக்கொள்கிறார். “இரும்பு கைல இருக்குது மாப்ள. இந்தக் கைய நான் நம்பல இப்ப. அதான்.”  கூரையில் காக்கை நடக்கிறது, தகரத்தில் நகம் கீறுகிறது. “உங்க மேல தப்பு எதுவும் இல்லன்னு சொல்லுது. அழுதுக்கினே சொல்லுது. அவர் கைநீட்டல, குடிக்கல, ஒரு வார்த்த கடுசாப் பேசல, நான் இன்னான்னு சொல்லுவேன்ணா, யார்கிட்ட சொல்லுவேன்ணா, அப்டின்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க இன்னா சொன்னீங்க அது கிட்ட?”

“டிக்கெட் போட்டாச்சான்னு கேட்டேன்.”

அவர் நெற்றியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறார். திட்டுவார் என்று நிற்கிறேன். திட்டவில்லை. “போவ வேணாம்னு தோணலியா மாப்ள உங்களுக்கு?” மெதுவாகத்தான் கேட்கிறார், வழி தெரியாதவர் வழி கேட்பது போல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது போல.

தேடிப் பார்க்கிறேன். அப்படிக் கேட்டால் நான் தேடிப் பார்ப்பேன், அது மட்டும் எனக்குத் தெரியும். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. தண்டு பெட்டியின் மேல் இருக்கிறது, அவர் வெறுங்கையோடு நிற்கிறார், யாரும் என்னை அடிக்கப் போவதில்லை, ஆனாலும் அது நிற்கவில்லை, அதே வேகம். அப்படியானால் அடிக்காக இல்லை. எப்போது தொடங்கியது. போன் அடித்தபோது. அவர் சுவரில் கையை ஊன்றியபோது. அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் நின்றேன், அவர் அடித்துவிடுவார் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டு. அதற்காக இல்லை. காலையில் சமையலறையில் அவள் சொன்னது சமையலறையிலேயே இருந்தது, அவளுக்கும் எனக்கும் தோசைக்கும் நடுவில், அது இன்னும் நடக்கவில்லை. சாயந்திரம் நான் வீட்டுக்குப் போனால் அவள் இருந்தாலும் இருக்கலாம். மீன் குழம்புக்கு இரண்டு பேரும் போனாலும் போகலாம். பாலத்தில் சரி மச்சான் என்றது பொய்யில்லை, நான் நம்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாமலே நம்பிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அண்ணனிடம் சொன்ன பிறகுதான் அது நடந்தது. அவர் சுவரைச் சுரண்டச் சுரண்ட நடந்துகொண்டிருந்தது. அவள் போகிறாள். பெட்டி உருள்கிறது. நான் சரிசெய்த சக்கரம்.

“தோணுது” என்கிறேன். “இப்ப தோணுது.”

“அப்ப அதச் சொல்லேன்யா!” முதல் தடவையாக என்னை ஒருமையில். அவருக்கே அது தெரியவில்லை. போனை எடுத்து அழுத்தி என்னிடம் நீட்டுகிறார். வாங்குகிறேன். காதுக்குக் கொண்டுபோக முடியவில்லை, தோள்பட்டைத் தோல் வளைந்து கொடுக்கவில்லை, கை தாடை வரைதான் வருகிறது. தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன், கழுத்துப் பட்டை இடிக்கிறது. போனில் மணி போகிறது. மச்சான் பிடுங்கி அவரே என் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறார். அவர் விரலில் மெழுகு வாசம்.

“சொல்லுண்ணா.” பின்னால் பஸ் ஸ்டாண்ட். யாரோ கிருஷ்ணகிரி ஓசூர் என்று கத்துகிறார்கள்.

“நான்தான்.”

மூச்சு மட்டும் கேட்கிறது. “அண்ணன் போன்ல ஏன்?”

“அவர்தான் பிடிச்சிட்டிருக்கார். எனக்குக் கை எட்டல. கவசம்.”

“ம்.”

பஸ் எத்தனை மணிக்கு என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜன்னல் சீட்டா என்பது அதற்குப் பின்னால் நிற்கிறது. இரண்டையும் விழுங்குகிறேன். அடுத்தது என்ன என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவது, இருட்டில் இல்லாத படியில் கால் வைப்பது. “போகாத வசு.”

 ஒரு ஹார்ன். யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்திருக்கிறார், கை அசையவில்லை.

“அண்ணன் பக்கத்துல நிக்கறதுனால சொல்றீங்களா?”

“இல்ல.” நிஜமாகவா என்று பார்க்கிறேன். “அவர் கேட்டதுனாலதான் எனக்குத் தெரிஞ்சுது. ஆனா அவருக்காகச் சொல்லல.”

“பயமா இருக்கா உங்களுக்கு?”

“இருக்கு.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே மூச்சு. “நான் ஏறி உக்காந்துட்டேங்க” என்கிறாள். “இறங்க மாட்டேன். இப்ப இறங்கினா, நாளைக்குக் காலைல நீங்க மறுபடி பேப்பர் படிச்சிட்டிருப்பீங்க, நான் மறுபடி ஒரு வருஷம் எடுத்துப்பேன் கிளம்பறதுக்கு. நான் போறேன்.” நிறுத்துகிறாள். “போய்ச் சேர்ந்துட்டு கூப்பிடறேன். எடுப்பீங்களா?”

“எடுப்பேன்.”

“எடுத்துட்டு ஏதாவது பேசணும். சாப்ட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வைக்கக் கூடாது.”

“சரி.”

என்ஜின் உறுமுகிறது. வைத்துவிட்டாள். மச்சான் போனை இன்னும் என் காதிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறார். “போய்ட்டா” என்கிறேன். அப்போதுதான் எடுக்கிறார். எதிர்ச்சுவரில் காரை பெயர்ந்த இடம் பெரிதாகியிருக்கிறது, கீழே வெள்ளைத் தூள். எதுவும் சரியாகிவிடவில்லை. அவள் இப்போது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கக்கூடும், இல்லை, பஸ் அந்த வழி போகாது, எந்த வழி போகும், ஆற்றைத் தாண்டாமலே ஹைவேயைப் பிடிப்பார்கள். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும். அவளுக்கு வெயிலில் தலை வலிக்கும். இதைக் கேட்டிருக்கலாம். இதுவும் டிக்கெட் போட்டாச்சா மாதிரிதானா, இல்லை வேறா, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவளுக்குத் தெரியும், ராத்திரி கேட்க வேண்டும்.

பியூலா மூன்று டம்ளர் டீயோடு வருகிறாள். என்னையும் மச்சானையும் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேணாம்னா விட்டுடலாம்” என்கிறாள். “மியூசியத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்குக் காட்ட பொம்மையே போதும்.”

“வேணாம் மேடம். எடுத்துடலாம்” என்கிறேன். மச்சான் என்னை உற்றுப் பார்க்கிறார்.

“எனக்குக் கோவம் போவல மாப்ள.”

“தெரியும் மச்சான்.”

“போவாது கொஞ்ச நாளைக்கி.”

“சரி. முழங்கையிலருந்து.”

அவர் டீயை ஒரே மடக்கில் குடிக்கிறார். டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறார். என் பின்னால் போய் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார், ஒன்று தளர்ந்திருக்கிறது, அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். வலது மார்புக்குக் கீழே பஞ்சு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் அமுக்குகிறார். முன்னால் வருகிறார். கால்களை அகட்டுகிறார். கண் என் கண்ணைப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு இறங்குகிறது. “ரோலிங்” என்கிறாள் பியூலா. தண்டு எழுகிறது, முழங்கை மட்டும், தோள் அசையவில்லை, இது காலையில் மணல் மூட்டைக்கு விழுந்த அதே வீச்சு, நல்ல கை, ஹைவே ஏறியிருக்குமா, வெயில் எந்தப் பக்கம்,

தொம்.

எதுவும் இல்லை.

கூரை. அதில் ஓர் ஓட்டை வழியாக வெளிச்சம். அது வெளிச்சம் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது. மூச்சு இல்லை. அது எங்கே போனது என்று யோசிக்க ஆள் இல்லை. என் கை எதையோ இறுகப் பிடித்திருக்கிறது, மச்சானின் சட்டை, பொத்தான் அறுந்திருக்கிறது. அவர் இரண்டு கையாலும் என்னைத் தாங்கி நிற்கிறார், தண்டு எங்கோ விழுந்து உருள்கிறது.

“எப்படி இருந்துச்சு இளம்பரிதி?” பியூலா காமிராவுக்குப் பின்னாலிருந்து. “எங்க வலிக்குதுன்னு அப்படியே சொல்லுங்க, ஓடிட்டிருக்கு.”

வாயைத் திறக்கிறேன். மூச்சு திரும்பி வருகிறது, வரும்போதே ஒரு சத்தத்தோடு வருகிறது. நான் கேட்டறியாத சத்தம், அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது, அது முடிவதற்குள் இன்னொன்று. முகம் நனைகிறது. பியூலா காமிராவை விட்டுவிட்டு ஓடி வருகிறாள்.

“ஒடஞ்சிச்சா மாப்ள? ஐயோ, ஒடஞ்சிச்சா? மேடம், அந்த வார அவுருங்க, சீக்கிரம்!” மச்சான் ஒரு கையை எடுத்து முதுகுப்பக்கம் முடிச்சைத் தேடுகிறார்.

இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். எலும்பு உடையவில்லை, அது தெரிகிறது. அதைச் சொல்ல முடியவில்லை. மறுபடி முயல்கிறேன்.

“விடாதீங்க” என்கிறேன்.

அவர் அந்தக் கையையும் திரும்பக் கொண்டுவந்து பிடித்துக்கொள்கிறார்.